செப்புத் தகட்டில் சிக்கிய பேராசை

பேராசை பெருநட்டம் என்பது நம் பழமொழி. அந்நட்டத்தைப் பேராசைக்காரனே ஏற்பானாயின் உலகிற்குத் துன்பமில்லை. அடுத்தவன் ஏற்க நேர்வதே கொடுமை. பேராசையின் இயல்பைச் செப்புத் தகட்டில் செதுக்கிக் காட்டியவர் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் (1697–1764).

இலண்டனில் தென்கடல் கும்பினியின் 100 பவுன் பங்கு, 1720ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 130 பவுனுக்கு விற்றது. கோடையில் 1000 பவுனை நெருங்கியது. ஆண்டு முடியுமுன் 200க்கும் கீழே வீழ்ந்தது. பாரிசிலோ ஜான் லா என்பார், அமெரிக்காவின் லூயிசியானா நிலவளத்தைக் காட்டி மிசிசிப்பிக் கும்பினியின் பங்குகளை விற்பித்தார். அந்நிலத்தைக் கண்ணாற் காணாதவரே பங்கு வாங்க முந்தினர். ஒல்லாந்தர் இதனைக் ‘காற்று வாணிகம்’ என எள்ளி, அதுபற்றிய நையாண்டிப் படங்களைத் தொகுத்து, ‘மடமையின் பெருங்காட்சி’ என்னும் பெயரில் 1720இல் வெளியிட்டனர்.

ஹோகார்த் 1721இல் செதுக்கிய படத்தில் ஒரு குடைராட்டினம் சுழல்கிறது. பாதிரியார், பரத்தை என்னும் வேறுபாடின்றிப் பலரும் அதில் ஏறியுள்ளனர். ஒருபுறம், செல்வத் தெய்வத்தின் உடலை அரிந்து கூட்டத்தின்மேல் வீசுகிறான் சாத்தான். நேர்மையைத் தன்னலம் சக்கரத்தில் கிடத்தி முறிக்கிறது. மானத்தைக் கயமை சவுக்கால் அடிக்கிறது.

தகட்டில் கீறிய கோடுகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். ஆதலால் ஓவியரின் கண்டனம் செல்வர் மாளிகையோடு நில்லாது கடைத்தெருவிற்கும் வந்தது.

இக்கதை மலாயாவிற்குப் புறம்பானதன்று. 1910இல் ரப்பர் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, இலண்டன் பங்குச் சந்தையில் அதே ராட்டினம் மீண்டும் சுழன்றது. 1950களில் நில வணிகர் தோட்டங்களை மொத்தமாய் வாங்கித் துண்டு துண்டாய் விற்றனர். ஹோகார்த்தின் ராட்டினத்தில் ஏறியவர் தாமே விரும்பி ஏறினர். தோட்டத்திலோ ஏறாதவரே வீழ்ந்தனர். வேலையையும் குடியிருந்த இலயத்தையும் இழந்தோர் பால்மரத் தொழிலாளர் அல்லரோ! 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்த பேராசிரியர் உங்கு அசீஸின் அறிக்கை 1962இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சூதாடியின் கையில் தோட்டத்தைச் சிதைத்த பணம், தொழிலாளியின் சிறு பங்காய்ச் சேர்ந்தபோது தோட்டத்தைக் காக்கும் கருவியாயிற்று.

சிம்பாங் பூலாய்க்கு அண்மையிலுள்ள கோப்பேங் வட்டாரத்தில் 1951இல் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் லாட், தம் ‘கம்போங் பாய்’ (1979) நூலில், ஈயத்திற்காக நிலம் கைமாறும் காலத்துக் கிராமத்தை நகைச்சுவையோடு தீட்டியுள்ளார். வரலாறு பயிற்றும் ஆசிரியர் இவ்விரு கலைஞர் படங்களையும் வகுப்பில் அடுத்தடுத்து வைத்து, “இலாபம் யாருக்கு? இழப்பு யாருக்கு?” என்று மாணவரை வினவலாம். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதினும் அவ்வினா மாணவருக்கு மிகுந்த பயன் தரும்.