கல்லிலும் மரத்திலும் துணியிலும்: குன்றக்குடி வட்டாரத்தின் பலகை ஆட்டங்கள்

காரைக்குடிக்கு மேற்கே, திருப்பத்தூர் செல்லும் வழியில் அமைந்துள்ள குன்றக்குடி, மலைமேல் சண்முகநாதர் கோயிலையும், அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகளையும், ஞானியார் மடம் எனப்படும் இயற்கைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டையும் கொண்ட தொன்மையான ஊராகும். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் சூழ்ந்த, செட்டிநாடு எனப்படும் இவ்வட்டாரத்தில், கட்டம் வரைந்தோ குழி குடைந்தோ காய் நகர்த்தி ஆடும் பலகை ஆட்டங்கள் பல, குடும்பத்தாரிடையிலும் உறவினரிடையிலும் நண்பரிடையிலும் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளன. இவற்றை ஆட்டவிதியை வைத்து வகைப்படுத்துவதே ஆய்வாளர் பலரின் வழக்கம். ஆயினும் செட்டிநாட்டைப் பொறுத்தவரை, ஆட்டம் எந்தத் தளத்தில் அமைந்தது என்பதை வைத்து, கல்லில் கீறியவை, மரத்திலும் உலோகத்திலும் குடைந்தவை, துணியிலும் தரையிலும் வரைந்தவை என மூன்றாகப் பகுத்து நோக்கினால், யார் எங்கே எப்பொழுது ஆடினர் என்பதும், எந்த ஆட்டம் ஏன் தளர்ந்தது என்பதும் தெளிவாகப் புலப்படும்.

இவ்வாட்டங்களின் தொன்மைக்குக் குன்றக்குடி அமைந்த சிவகங்கை மாவட்டமே சான்று தருகிறது. திருப்புவனம் வட்டத்தைச் சேர்ந்த கீழடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில், சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும், உடைந்த பானையோடுகளைத் தேய்த்து உருட்டிய வட்டச்சில்லுகளும், தந்தத்தில் செய்து புள்ளியிட்ட பகடைகளும் கிடைத்துள்ளன. அகழாய்வு அடுக்கு ஒன்றின் கரிமப் பகுப்பாய்வு கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்வதை அத்துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. இலக்கியச் சான்றும் இதனோடு ஒத்துச் செல்கிறது. சங்க காலத்தில் 'வல்' அல்லது 'வல்லு' என்று பெயர்பெற்ற ஓர் ஆட்டம் இருந்தது. அதற்குரிய காயை 'நாய்' என்றும், ஆடுதளத்தைப் 'பலகை' என்றும் வழங்கினர் என்பது தொல்காப்பிய எழுத்ததிகாரத்தால் அறியப்படும். பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்று 52ஆம் பாட்டு, பகைவர் நாட்டில் பாழடைந்த பொதுவிடத்தில், முதியவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாடு களத்தைக் குறிப்பிடுகிறது. ஊர் வாழ்வதன் அடையாளமாக முதியோரின் ஆட்டமும், ஊர் அழிந்ததன் அடையாளமாக ஆளற்ற ஆடுகளமும் அக்காலப் புலவருக்குத் தோன்றியுள்ளன என்பது கருதத்தக்கது.

கல்லில் கீறிய ஆட்டங்களுள் தலையாயது ஆடு புலி ஆட்டம். முக்கோணம் ஒன்றின் உச்சியிலிருந்து இறங்கும் கோடுகளைக் கிடைக்கோடுகள் வெட்டிச் செல்ல, அவை சந்திக்கும் 23 புள்ளிகளில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இயங்கும் இந்த ஆட்டத்தில், இரு தரப்பின் வலிமையும் நோக்கமும் வேறுவேறானவை. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஒரு காயாகத் தம் ஆடுகளைக் களத்தில் இறக்க, ஒவ்வொரு முறையும் புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் இறங்க முடிந்தால் அந்த ஆட்டைப் புலி வெட்டும். ஆடுகள் ஒன்றையொன்று அணைந்து நின்று புலிகளை நகரவொட்டாமல் அடைத்துவிட்டால் வெற்றி ஆட்டுக்காரருடையது. பகடையோ சோழியோ இல்லாததால் இதில் நல்லூழுக்கு இடமில்லை. கோயில் மண்டபத் தளங்களிலும், பாறைகளிலும், ஊர்ச்சாவடிகளிலும் இத்தகைய கீறல்கள் தமிழகம் முழுவதும் காணப்படுகின்றன. நடைபயணிகளும், சுமை இறக்கி இளைப்பாறியவரும், மேய்ச்சலுக்கு வந்தவரும் கூடிய இடங்கள் அவை. கல்லையும் புளியங்கொட்டையையும் காயாகக் கொண்டு, பெயரறியாத வழிப்போக்கரோடும் அங்கே ஆட முடிந்தது. தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடிகள் கூடிப் புறப்படும் ஊரான குன்றக்குடி போன்ற பயணவழித் தலங்களில், கல்லாட்டம் பொதுவிடத்துக்கும் பெரும்பாலும் ஆடவருக்கும் உரியதாக இருந்தது.

இதற்கு நேர்மாறாக, வீட்டுக்குள் வாழ்ந்தது பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் குடைந்த நீள்பலகையில், குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டைகளையோ சோழிகளையோ இட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவது இதன் பொதுவடிவம். ஆறு, பன்னிரண்டு என இடும் முறைகளும் உள்ளன. ஒரு குழியின் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும்; கையிருப்பு தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும்; அடுத்த குழி வெறுமையாயிருந்தால் அதைத் துடைத்து, அதற்கப்பால் உள்ள குழியின் காய்களை வென்றெடுக்கலாம். இடையில் ஒரு குழியில் நான்கு காய்கள் சேருமாயின் அது 'பசு' எனப்படும். அக்குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். பசுப்பாண்டி, காசிப்பாண்டி, கட்டுப்பாண்டி எனப் பல வகைகள் இதில் உண்டு. ஒருவர் மட்டுமே ஆடுவதற்குரிய சீதைப்பாண்டி, அசோகவனத்தில் தனித்திருந்த சீதையோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. பூப்பெய்திய பெண் தனித்து வைக்கப்படும் நாள்களில் ஆடப்பட்டதும் இந்த ஆட்டமே.

செட்டிநாட்டில் பல்லாங்குழி பெற்ற இடத்தை அறிய, அந்நாட்டு வீட்டின் அமைப்பை அறியவேண்டும். தெருவை நோக்கிய முகப்பு ஆடவரின் வணிகப் பேச்சுக்கும் விருந்தினருக்கும் உரியது. அதையடுத்து, நடுவே வானம் திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளும் கொண்ட பகுதி வளவு. அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டும் அடுப்படியும் அமைந்தன. மணமான ஒவ்வோர் ஆணும் மனைவியோடு சேர்ந்து ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்பட்டு, கோயில் வரி அந்தப் புள்ளிக் கணக்கில் வாங்கப்பட்டது. அண்ணன் தம்பியர் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் புள்ளிக்குப் புள்ளி அடுப்பு வேறாக இருந்தது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் வளர்த்துவிட்ட அரிசி வணிகத்தை ஒட்டி, நகரத்தார் ஆடவர் ரங்கூன், பினாங்கு, கொழும்பு முதலிய ஊர்களின் கிட்டங்கிகளில், அதாவது தொழிலும் தங்கலும் ஒருங்கே நடந்த பொதுக்கூடங்களில், மூன்றாண்டுத் தவணைகளாகத் தங்கிப் பணிபுரிந்தனர். ஆடவர் இல்லாத ஆண்டுகளில், அடுப்பு பிரிந்த ஓரகத்திகளும் மாமியாரும் நாத்திமாரும் ஒன்றாக அமர்ந்த இடம் வளவு. அங்கே பகல்பொழுதின் ஆட்டமாகப் பல்லாங்குழி நிலைபெற்றது. மகளுக்குத் தரும் சீர்சாமான்களில் பல்லாங்குழியும் இடம்பெற்றபோது, மரத்தாலானதோடு பித்தளையாலும் வெள்ளியாலும் செய்த பலகைகளும் தோன்றின. ஆடுகருவியே குடும்பத்தின் செல்வநிலையைக் காட்டும் பொருளாகவும் ஆயிற்று.

பல்லாங்குழியின் சமூகப் பொருள் குறித்து ஆழமாக எழுதியவர் தொ. பரமசிவன். இளையான்குடிக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சிவகங்கைச் சீமையை நன்கு அறிந்த அவர், சமமான காய்களோடு தொடங்கும் ஆட்டம் ஒருவரிடம் குவிப்பும் மற்றவரிடம் வறுமையுமாக முடிவதைச் சுட்டி, தனிச்சொத்துரிமையை இயல்பானதாக ஏற்கச் செய்யும் ஆட்டம் இது என்று விளக்கினார். ஓர் ஆட்டத்தில் தோற்றவர், அடுத்த ஆட்டத்தில் தம்மிடம் எஞ்சிய காய்களைக் கொண்டு நிரப்பக்கூடிய குழிகளை மட்டுமே நிரப்பி ஆடவேண்டியிருப்பது அவர் கருத்துக்கு வலுவான ஆதாரமாகும். வட்டிக் கடையையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட நகரத்தார் சமூகத்தில் இந்த விளக்கம் இன்னொரு கோணத்தையும் பெறுகிறது. சிறுவர் பெட்டியடிப் பையன்களாகக் கடைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தாள், மேலாள் என உயர்ந்து கணக்கு கற்றனர். வரவு, இருப்பு, இழப்பு ஆகியவற்றை எழுதாமலே மனத்தில் கொள்ளும் பயிற்சியைப் பெண்கள் வளவில் இருந்தவாறே பெற்றனர். கணவர் கடல் கடந்திருந்த காலத்தில் வீட்டின் வரவுசெலவை அவர்களே நடத்தினர் என்பதால், அப்பயிற்சி வெறும் பொழுதுபோக்கின் அளவில் நின்றுவிடவில்லை எனலாம்.

நகரத்தார் கிட்டங்கி அமைத்த கடற்கரைகளில் இவ்வாட்டத்தின் உறவாட்டங்களும் வழங்கின. மலாய் மக்களின் சொங்காக், இரு முனைகளிலும் வென்ற காய்களைச் சேர்க்கும் பெரிய குழிகளைக் கொண்டது. குன்றிமணிகளை இட்டுச் சிங்களப் பெண்கள் சித்திரைப் புத்தாண்டில் ஆடும் ஒலிந்த கெலியவோ, பல்லாங்குழியைப் போலவே ஏழேழு குழிகளால் அமைந்தது. இலங்கையின் தொன்மைகளைப் பற்றி 1909இல் நூல் வெளியிட்ட எச். பார்க்கர், அந்நாட்டுப் பலகை ஆட்டங்களுக்கு அதில் தனியிடம் தந்துள்ளார். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரவிய இக்குழியாட்டக் குடும்பத்தை ஆய்வாளர் 'மன்கலா' என்னும் பொதுப்பெயரால் குறிப்பர்.

மூன்றாம் வகையான துணி ஆட்டமும் தரை ஆட்டமும், பலர் கூடி ஆடுபவை. தாயம் தரையில் சுண்ணாம்புக் கட்டியாலோ கரியாலோ கோடிட்டு ஆடப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளியிட்டு ஒரு பக்கம் வெறுமையாக விட்ட இரு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டி, 'தாயம்' எனப்படும் ஒன்று விழுந்த பின்னரே காயை இறக்கலாம். தாயம், ஐந்து, ஆறு, இரு வெறும்பக்கங்களும் விழுவதால் வரும் பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு உருட்டல் உண்டு. எதிரியின் காயை ஒரு முறையேனும் வெட்டினால்தான் உள்கட்டத்தில் நுழைந்து 'பழம்' எடுக்கமுடியும். குறுக்குக் கோடிட்ட 'மலை'யில் நிற்கும் காயை எவரும் வெட்டலாகாது. சிலுவை வடிவத் துணியில், நான்கு நிறக் காய்களை வைத்து, எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளிகளாகச் சேர்ந்து ஆடும் சொக்கட்டான், வட இந்தியச் சௌபரின் உறவாட்டமாகும். செட்டிநாட்டில் நகரத்தார் விரும்பி ஆடிய ஆட்டமாகவும் அது அறியப்படுகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம், திருக்கோஷ்டியூர், அரியக்குடி ஆகிய வைணவத் தலங்களைத் தன்னகத்தே கொண்ட இவ்வட்டாரத்தில் வீடுதோறும் அறியப்பட்டதாகும். சௌபர் குடும்பத்து ஆட்டம் 1896இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்னும் பெயரில் காப்புரிமை பெற்றதும், அதையொட்டிய ஆண்டுகளில் பரமபதத்தின் உறவாட்டமும் அங்கே அச்சாகிப் பரவியதும், பின்னர் இரண்டும் அட்டைப் பெட்டிகளில் தமிழ்நாட்டுக் கடைகளுக்கே திரும்பி வந்ததும் காலனியக் கால வணிகத்தின் விளைவுகள்.

ஆட்டங்கள் தளர்ந்ததற்கு வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. 1930களின் பெருமந்தத்தில் கடனுக்கு ஈடாகப் பர்மாவின் நெல்வயல்கள் நகரத்தாரின் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் அவர்கள் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். 1948இல் சுதந்திரப் பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. வருவாய் குன்றிய குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர, பல வீடுகள் திருமணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுபவையாயின. வீட்டுச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சென்றடைந்தன. வளவில் கூடியிருந்த பெண்கள் பிரிந்ததும் மரப்பலகை ஆட்டம் முதலில் தளர்ந்தது. ஆள் மாறினாலும் கூடுமிடம் மாறாத கல்லாட்டமோ கோயில் நிழலில் மேலும் சில காலம் நீடித்தது.

இன்று பழைய பல்லாங்குழிகள் நல்ல விலை பெறுகின்றன. 2002இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'கிரீடா' போன்ற நிறுவனங்கள் மரபாட்டங்களைப் புதிதாகச் செய்து விற்கின்றன. எனினும் பலகை கிடைப்பதால் மட்டும் ஆட்டம் பிழைத்துவிடாது; ஏனெனில் விதிகள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடுபவை, எழுதப்படாதவை. தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' ஆண்பால், பெண்பால், இருபால் எனப் பகுத்து ஆட்டமுறைகளைப் பதிவு செய்த முன்னோடி நூல். அத்தகைய பதிவு செட்டிநாட்டுக்கெனத் தனியே செய்யப்படுதல் வேண்டும். குழிக்கு எத்தனை காய், எந்தத் திசையில் இடுவது, பசு யாருக்கு உரியது, தோற்றவர் எவ்வாறு மீள்வது ஆகியவற்றை, ஆடிப் பழகிய முதிய பெண்கள் இருக்கும்போதே ஊர்ப்பெயரோடு எழுதி வைக்கும் பணியைக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும், நகரத்தார் குடும்பங்களும், வட்டாரப் பள்ளிகளும் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.