லீட்ஸ் முதல் கோடம்பாக்கம் வரை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்த ஒரு கரி எஞ்சின், நம் காலத்தில் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. இ.ஐ.ஆர். 21 என்பது அதன் எண், 'எக்ஸ்பிரஸ்' என்பது பெயர். ரயில் பித்துப் பிடித்தவர்கள் பலர் டார்ஜிலிங் எஞ்சினையும் ஊட்டி எஞ்சினையும் கொண்டாடுவார்கள். எனக்கு அவை இரண்டுக்கும் மூத்த இதன் மேல்தான் பிரியம் அதிகம்.

செய்தது கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் கம்பெனி. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்ததால், ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் கப்பல் கல்கத்தா வர வேண்டும். வாங்கிய ஈஸ்ட் இந்தியன் ரயில்வே அப்போது கைக்குழந்தை. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு அதன் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது 1854 ஆகஸ்ட் 15-இல். அடுத்த பிப்ரவரியில் பாதை ராணிகஞ்ச் வரை நீண்டது. ராணிகஞ்ச் நிலக்கரி பூமி. எஞ்சினுக்கு வேலையும் தீனியும் ஒரே திசையில் கிடைத்தன.

இதன் உடல்வாகே தனி. முன்னால் ஒரு ஜோடி சிறிய சக்கரம், பின்னால் ஒரு ஜோடி, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு ஜோடி பெரிய சக்கரம். பிஸ்டனின் தள்ளு முழுவதும் அந்த நடு ஜோடிக்குத்தான். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகலாம். லேசான மெயில் வண்டிக்கு அது போதும். ஆனால் தண்டவாளத்தைப் பற்றிப் பிடித்து இழுப்பது இரண்டே சக்கரங்கள்தான். ஆவியைத் திறக்கும் ரெகுலேட்டரைச் சற்று வேகமாகத் திறந்துவிட்டால் வண்டி நகராது, சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். பாரம் கூடக் கூட இந்த வகை எஞ்சின்களுக்கு மவுசு குறைந்ததற்குக் காரணம் அதுவே.

1909-இல் ஓய்வு கொடுத்தார்கள். அதன்பின் ஜமால்பூர் பணிமனையிலும் ஹௌராவிலும் நூறாண்டுக்குமேல் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நின்ற எஞ்சினுக்கு வரலாறு கிடையாது.

இதனோடு பிறந்த 22-ஆம் எண், 'ஃபேரி குயீன்', முந்திக்கொண்டது. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருந்த அதைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் சீர்செய்தார்கள். 1997-இல் மறுபடி ஓடத் தொடங்கி, டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே சுற்றுலா ரயிலை இழுத்து, அடுத்த ஆண்டே கின்னஸில் இடம்பிடித்தது. அதைச் சீர்செய்த பெரம்பூர்க் கைகளிடம்தான் 21-ஆம் எண்ணும் வந்து சேர்ந்தது. பெரம்பூர்ப் பட்டறை தொடங்கியது 1856-இல். வைத்தியம் பார்க்க வந்த எஞ்சின் வைத்தியசாலையைவிட ஒரு வயது மூத்தது!

1855 எஞ்சினுக்கு உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. துருவேறிப் போனதையும் காணாமல் போனதையும் அளவெடுத்து, புதிதாகச் செய்துதான் மாட்ட வேண்டும். இப்படிப் பாதியை மாற்றிவிட்டால் அது பழைய எஞ்சின் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நீராவிக் காலத்து ஷெட்டுகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. அன்றைக்கும் ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் குழாய்களை மாற்றுவார்கள், சக்கரப் பட்டையை மாற்றுவார்கள், பாய்லரையே கழற்றி வேறு பாய்லரை ஏற்றுவார்கள். மாறிக்கொண்டே ஓடுவதுதான் எஞ்சினின் இயல்பு. மாற்றாமல் பூட்டி வைப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னையில் ஓடியது. ஹௌராவின் அந்த முதல் ரயில் கிளம்பிய அதே தேதி.

எழும்பூர் ஓட்டத்தில் ஒரு தனி விசேஷம் இருக்கிறது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் இந்தியாவுக்கென்று தேர்ந்தெடுத்த ஐந்தரை அடி அகலப் பாதைக்காகவே லீட்ஸில் இதைச் செய்தார்கள். இன்றைய வந்தே பாரத் ஓடுவதும் அதே அகலத்தில்தான். ஆனால் எழும்பூர் நெடுங்காலம் அகலம் குறைந்த மீட்டர் கேஜ் பாதையின் ஊர். அந்தக் காலத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும், தாம்பரம் பக்கம் ஒரு அடிகூட இது நகர்ந்திருக்க முடியாது. பாதை அகலமான பிறகுதான் வழி திறந்தது. மின்கம்பிகளுக்கு அடியில், அந்த மின்சாரம் ஒரு சொட்டும் வேண்டாமல், கரியும் தண்ணீரும் மட்டும் தின்று அது கோடம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. 2019-இல் நாகர்கோவில், கன்னியாகுமரி பக்கமும் ஓடியது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கிளம்பும் நேரத்தில் புகைபோக்கியைப் பார்க்காதீர்கள், சிலிண்டர் பக்கம் நில்லுங்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் போகும் ஆவி முதலில் தண்ணீராகிவிடும். தண்ணீர் அமுங்காது. அதை வெளியேற்றாமல் பிஸ்டனைத் தள்ளினால் மூடியே பிளந்துவிடலாம். அதனால் டிரைவர் வடிகுழாய்களைத் திறந்து வைத்தே நகர்த்துவார். முதலில் கொப்பளித்து நீர் வரும், பிறகு வெள்ளை ஆவி சீறும். சத்தம் காய்ந்து வந்ததும் குழாயை மூடுவார். அந்தச் சத்தம் மாறுவதைக் காதால் பிடிக்கத் தெரிந்தவர் பணி ஓய்வு பெறுவதற்குள், பக்கத்தில் ஒரு இளைஞரை நிறுத்தியாக வேண்டும். அதற்கு எஞ்சின் அடிக்கடி ஓட வேண்டும். எப்போதோ ஒருமுறை, இரண்டு நாள் முன்பு அறிவித்து ஓட்டுவது போதாது. ஆண்டுக்கு நான்கு ஓட்டம், தேதியோடு முன்கூட்டியே ரயில்வே கால அட்டவணையில் அச்சாகட்டும். டிக்கெட் எடுக்க நாங்கள் வருகிறோம்.