ஹேர்மிஸ் ஏன் எங்கட கடலில் தாண்டது?

கல்லடிக் கடற்கரையில் இருந்து சில மைல் தூரத்தில், ஐம்பது மீற்றருக்கும் மேல் ஆழத்தில், ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. பெயர் ஹேர்மிஸ். வெளிநாட்டில் இருந்து சுழியோடிகள் இதைப் பார்க்கவென்றே மட்டக்களப்புக்கு வருகிறார்கள். எங்கட ஆக்களிடம் கேட்டால், "யப்பான்காரன் குண்டு போட்ட கப்பல்" என்று ஒரு வரியில் கதை முடிந்துவிடும். ஆனால் யப்பான்காரன் ஏன் இங்கே வந்தான்? இவ்வளவு பெரிய கப்பலை ஏன் ஒருவராலும் காப்பாற்ற முடியவில்லை? கதையே அதில்தான் இருக்கிறது.

1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 ரங்கூன். மார்ச் 23 அந்தமான். கிழக்கில் பிரித்தானியாவுக்கு மிஞ்சியிருந்த பெரிய கடற்படைத் தளங்கள் கொழும்பும் திருகோணமலையும்தான். ஜப்பானியக் கடற்படைக்கு இலங்கையைப் பிடிக்கும் யோசனையும் இருந்தது. ஆனால் அதற்கு ஆட்களைத் தர அவர்களின் தரைப்படை மறுத்துவிட்டது. அதனால் நடந்தது படையெடுப்பு இல்லை, அடித்துவிட்டு ஓடும் தாக்குதல். பிரித்தானியக் கப்பற்படையை நொறுக்கினால் பர்மா பக்கம் தொல்லை இருக்காது என்பதுதான் கணக்கு.

வந்தவர் அட்மிரல் நகுமோ. நாலு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே ஆள். அங்கே போன ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து இந்தப் பக்கமும் வந்தன. ஏப்ரல் 4, கொக்கலயில் இருந்து பறந்த ஒரு கற்றலீனா விமானம் அவர்களைக் கண்டது. கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்த போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் கைதியானார். ஆனால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்துக் கப்பல்களில் கனக்க ஏற்கெனவே வெளியேறியிருந்தன. அன்று பின்னேரமே தெற்குக் கடலில் கோர்ன்வோல், டோர்செற்சயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் தாண்டன. 424 பேர் செத்தார்கள்.

ஏப்ரல் 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சென்னையில் சனம் மூட்டை கட்டி ரயில் ஏறியது.

இனி எங்கட பக்கம். ஏப்ரல் 8, அடுத்தது திருகோணமலை என்று தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் நின்றால் அடி விழும், ஆகவே கப்பல்களுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு. ஹேர்மிஸும் அதற்குத் துணையாக அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் இரவோடிரவாகக் கரையோரமாகத் தெற்கே வந்தன. 9ஆம் திகதி காலை திருகோணமலையும் சீனன்குடா விமானத்தளமும் அடி வாங்கின. தாக்குதல் முடிந்ததும் இரண்டு கப்பல்களும் வடக்கே திரும்பின. மட்டக்களப்புக்கு நேரே வரும்போது ஒரு ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டுவிட்டன.

இப்போதுதான் முக்கியமான விஷயம். ஹேர்மிஸ் விமானந்தாங்கி, ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைத்த முதல் கப்பல்களில் ஒன்று அது. கடற்படையில் சேர்ந்தது 1924இல். எங்கட பழைய கல்லடிப் பாலத்துக்கும் அதே வயசுதான்! ஆனால் 1942இல் அது சிறியது, மெதுவானது, பழையது. மேலே வரும் விமானத்தை அடிக்கப் போதிய பீரங்கியும் இல்லை. தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்பது கப்பலுக்கும் தெரியும். உதவி கேட்டது. குண்டு விழுந்த திருகோணமலையில் தொடர்புகள் குழம்பிக் கிடந்தன. இரத்மலானையில் இருந்து கிளம்பிய சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது.

காலை பத்தரை மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தி இறங்கின. இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் ஹேர்மிஸோடு போனார்கள். அடுத்து வம்பயர். அதற்குப் பிறகு ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலும், அத்தெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற எண்ணெய்க் கப்பல்களும். ஒரே நாளில், ஒரே கரையில் ஐந்து. வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் அந்த வழியாக வந்ததால் அறுநூறு பேரளவில் பிழைத்தார்கள்.

அதே நாள் பிரித்தானியா ஒன்பது பிளென்ஹெய்ம் விமானங்களால் நகுமோவின் கப்பல்களைத் தாக்கியது. ஒரு குண்டும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை.

அப்ப ஜப்பான் வென்றதா? அன்றைய நாளைப் பார்த்தால் ஆம். ஆனால் தேடி வந்தது கிடைக்கவில்லை. பிரித்தானியாவின் முக்கியக் கப்பற்படை மாலைதீவின் அட்டுத் தீவுப் பக்கம் ஒளிந்திருந்தது. நகுமோ அதைக் காணாமலே திரும்பினார். இரண்டு மாதத்தில் மிட்வே சண்டை வந்தது. இலங்கைக்கு வந்த ஐந்தில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் அங்கே தாண்டன. இந்தப் பக்கம் அவர்கள் திரும்பி வரவே இல்லை.

ஆனால் தப்பிய பிரித்தானியக் கப்பற்படை எங்களைக் காக்க நின்றதா? இல்லை. கென்யாவின் கிளிண்டினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. "சூரியன் மறையாத சாம்ராச்சியம்" எங்கட கரையை விட்டுப் போனது அப்படித்தான். அதன் பலம் எவ்வளவு என்று சனம் கண்ணால் கண்ட வருடம் 1942. ஐந்து வருடம், பத்து மாதத்தில் கொடியும் இறங்கியது.

சண்டை முடிந்தும் பசி முடியவில்லை. அப்போது இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு வெளியில் இருந்து வந்தது, அதிலும் பர்மாதான் முக்கியம். அது நின்றது. கூப்பன் அரிசி வந்தது. கோதுமை மாவும் பாணும் வீட்டுக்குள் நுழைந்தன. படுவான்கரை நெல்லுக்கு அரசு விலை வைத்து வாங்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் வந்த இந்தப் பங்கீட்டு அரிசி போருக்குப் பிறகும் தொடர்ந்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏற்றினதுக்குத்தான் நாடு முழுக்க ஹர்த்தால் வெடித்தது.

ஆகவே ஹேர்மிஸ் வெள்ளைக்காரன்ர கதை மட்டும் இல்லை. போர் என்றால் எங்களுக்கு 1983க்குப் பிறகு நடந்தது மட்டும்தான் ஞாபகம், அதற்கு நியாயமும் இருக்கு. ஆனால் அதற்கு நாற்பது வருடத்துக்கு முன்பே, யாரோ இரண்டு வல்லரசுகள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கட கடலில் சண்டை பிடித்தார்கள். இன்றைக்கும் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி டெல்லியிலும் கொழும்பிலும் கதைக்கிறார்கள். அதே துறைமுகம், அதே கரை. இந்த முறையாவது, கரையில் இருக்கிற சனத்திடம் யாராவது கேட்பார்களா என்று நாங்கள் கேட்க வேண்டும்.