ஒரே பாம்பு, வேறு வேறு நஞ்சு

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வாழும் இருளர்களை நீங்கள் அறிவீர்கள். மண்ணில் காணும் தடத்தைக் கொண்டே பாம்பின் வளையைக் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் இருளர் பலர் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. 1978-இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால், அந்நாளில் திருவள்ளூரையும் உள்ளடக்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் உள்ள அச்சங்கத்தில் பாம்பின் நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை உயிரோடு விட்டுவிடுவார்கள். அந்நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. நாட்டில் தயாராகும் மருந்தில் பெரும்பகுதிக்கு நஞ்சு இங்கிருந்தே சென்றுள்ளது.

தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்து, ராஜஸ்தானத்துப் பாம்பின் நஞ்சையும் அதே அளவில் முறிக்குமா? இத்தகைய கேள்வி புதிதன்று. 1890-களில் நல்ல பாம்பின் நஞ்சைக் கொண்டு மருந்து செய்த பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட், அது எல்லாப் பாம்புக் கடிக்கும் ஏற்றது என நம்பினார். சில ஆண்டுகளிலேயே இந்தியாவில் ஜார்ஜ் லாம்பும், ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டினும் செய்த சோதனைகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. கண்ணாடி விரியனின் நஞ்சை அம்மருந்து முறிக்கவில்லை.

காரணம் என்ன? விடை பாம்பின் மரபணுக்களில் இருக்கிறது. நஞ்சு எங்கிருந்தோ புதிதாக வந்த பொருளன்று. உணவைச் செரிக்க நம் கணையம் சுரக்கும் பாஸ்போலிபேஸ் ஏ2 என்னும் நொதியின் உறவினமே நல்ல பாம்பின் நஞ்சிலும் உள்ளது. பரிணாமப் போக்கில் சில வேளை ஒரு மரபணு இரட்டித்துவிடும். ஒரு படி பழைய வேலையைச் செய்துவர, மற்றொன்று மாறுவதற்கு வழி பிறக்கிறது. அது நச்சுச் சுரப்பியில் செயற்பட்டு, இரையை வீழ்த்த உதவினால் நிலைத்துவிடும். மேலும் இரட்டித்துக் குடும்பமாகப் பெருகும். இந்நொதிக் குடும்பத்தை நல்ல பாம்பின் குலமும் விரியன் குலமும் தனித்தனியே நஞ்சாக்கிக்கொண்டன.

1993-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹாபு என்னும் நச்சுப் பாம்பில் ஒரு விந்தையைக் கண்டனர். பொதுவாக, மரபணுவில் புரதத்தை வகுக்கும் பகுதிகள் மெதுவாகவும், இடைப்பட்ட பகுதிகள் விரைவாகவும் மாறும். ஹாபுவின் நச்சு மரபணுக்களிலோ இது தலைகீழாக இருந்தது! இரைக்கேற்ப நஞ்சும் மாறிவருவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆகவே, ஒரே இனப் பாம்பாயினும் நெல்வயலில் வாழ்வதன் நஞ்சும் வறண்ட நிலத்தில் வாழ்வதன் நஞ்சும் வேறுபடக்கூடும். நம் நாட்டுப் பாம்புகளில் அவ்வாறு வேறுபடுவதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனால் இன்றைய மருந்து வீண் என்று எண்ணிவிடாதீர்கள். பாம்பு கடித்தவர் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே உயிர்காக்கும் வழி. ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அந்தந்த வட்டாரத்து நஞ்சையும் சேர்த்து மருந்து செய்தல் ஒரு வழி. மற்றொரு வழியை 2020-இல் வெளியான நல்ல பாம்பின் மரபணுத் தொகுதி காட்டுகிறது. அதில் 139 நச்சு மரபணுக்கள் இனங்காணப்பட்டன; அவற்றுள் 19 நச்சுச் சுரப்பிக்கே உரியவை. அவற்றின் புரதங்களை மட்டும் குறிவைத்துக் குதிரையின்றியே மருந்து செய்ய முடியுமா என்று அறிஞர்கள் முயல்கிறார்கள். அந்நாள் வரும்வரை, நம் உயிருக்குக் காவல் இருளர் கைத்திறனே.