எழுதியவரே அச்சிட்டு எழுதியவரே விற்று: கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் புனைகதை

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் எழுத்தாளரும் பதிப்பாளரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கையெழுத்துப் படியை வாங்கி, தன் முதலைப் போட்டு அச்சிட்டு, எழுதியவருக்கு உரிமைத்தொகை தரும் தொழில் கோலாலம்பூரில் நாவலுக்கு வேரூன்றவே இல்லை. மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள தமிழ்க் கடைகளில் பள்ளிப் பயிற்சி நூல்கள் விற்கும், பஞ்சாங்கம் விற்கும், தமிழகத்து இதழ்கள் விற்கும். உள்ளூர் நாவலுக்கு அங்கே ஓர் ஓரம் கிடைத்தால் பெரிது. ஐந்நூறோ ஆயிரமோ படிகள் அச்சிடுவதே வழக்கம். அதைத் தள்ளிவிடுவதும் எழுதியவர் பாடு.

இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன்’ 1917இல் வந்தது. ஆனால் கதைக்கென ஒரு வாசகக் கூட்டத்தைச் சேர்த்தது நூல் அல்ல, நாளேடு. நரசிம்ம ஐயங்கார் 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ தோட்டங்கள்வரை போனது. ஒருவர் வாங்கிப் பலர் படித்த ஏடு அது. 1950இல் அதன் பக்கங்களிலேயே சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று நாளேட்டில் பாடம் வைத்தது அன்றைக்குப் புதுமை. எழுத வந்தவர்கள் ஒருவர் கதையை ஒருவர் படித்தார்கள். அந்த வகுப்பின் உண்மையான விளைச்சல் எழுத்தாளர்களைவிட வாசகர்களே என்று சொல்லலாம். பிறகு நேசனின் ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை நேருக்கு நேர் அலசினார். 1957இல் அவர் தமிழகம் திரும்பியபோது, தன் கதையைப் பிறர் குறை சொல்லக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை இங்கே உருவாகியிருந்தது.

நாளேட்டில் வந்த கதை மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். நூலாக்க வேண்டுமென்றால் பணம் வேண்டும். எழுதியவர்களில் பலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அச்சகத்துக்குக் கொடுத்தார்கள். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த வழக்கம்தான் நூல் வெளியீட்டு விழா.

விழாவின் நடைமுறை கல்யாண மொய்யின் நடைமுறை. அழைப்பிதழ் அச்சிட்டு நண்பர்களுக்கும் சங்கங்களுக்கும் அரசியல் பிரமுகர்களுக்கும் அனுப்புவார்கள். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனின் சோமா அரங்கம் இதற்குப் பேர்போன இடம். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, நூலாய்வு முடிந்ததும் ‘முதல் நூல்’ பெறும் கட்டம் வரும். டத்தோ அல்லது டான்ஸ்ரீ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் மேடையேறி, அட்டையில் போட்ட விலையைப்போலப் பல மடங்கு தொகை கொடுத்து முதல் படியை வாங்குவார். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் வரிசையில் வந்து, உறையைக் கொடுத்து, நூலை வாங்கி, எழுத்தாளரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரே மாலையில் அச்சுக் கூலி தேறிவிடும். இன்று வந்தவர் நாளை நூல் போட்டால் இந்த எழுத்தாளரும் உறையோடு போயாக வேண்டும். எழுதப்படாத கணக்கு அது.

இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேசுவது எளிது. நாவலுக்குப் பதிப்புத் தொழில் வேரூன்றாத ஊரில் இது இல்லாவிட்டால் பல நூல்கள் வந்தே இருக்காது. ஆனாலும் விழாவில் கிடைப்பவர் ஆதரவாளர். உறையில் பணம் வைத்தவர் நூலைப் பிரித்தாரா என்று எந்த எழுத்தாளரும் கேட்டுப் பார்ப்பதில்லை.

1977இல் வந்த ‘வானம்பாடி’ வார இதழ் வேறொரு வகையில் வாசகரைத் திரட்டியது. ஆதி. குமணனும் அவரோடு இருந்த இளைஞர்களும் புதுக்கவிதைக்கும் இளம் எழுத்துக்கும் இடம் கொடுத்தார்கள். வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருப்பவர்கள் உருவானார்கள். அச்சுத் தொழிலிலும் மாற்றம் வந்தது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருள், எழுத்தெழுத்தாக ஈயம் கோக்கும் வேலையைக் கணினிக்குக் கொண்டுபோனது. அவருடைய தந்தை முரசு நெடுமாறன் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டிய ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997இல் கிள்ளானிலிருந்து வெளிவந்தது. கதையுலகில் அதற்கு ஈடான முயற்சியாக, அரை நூற்றாண்டுச் சிறுகதைகளைச் சை. பீர்முகம்மது ‘வேரும் வாழ்வும்’ என்று தொகுத்தார். இரண்டுமே தனி ஆளின் பிடிவாதத்தால் நடந்தவை.

இதே பிடிவாதம் அ. ரெங்கசாமியிடமும் உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த தோட்டத் தொழிலாளர்களை ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும், சிலாங்கூரின் ஆற்றங்கரை வாழ்வை ‘லங்காட் நதிக்கரை’ நாவலிலும் எழுதினார். சென்னைப் பதிப்பாளருக்கு இந்தக் கதைக்களங்கள் தூரத்துச் செய்தி. பாட்டனை ரயில் பாதையில் இழந்த குடும்பத்துக்கு அது வீட்டுக் கதை. எண்ணிக்கையில் சிறிய அந்த வாசகர் கூட்டம் நூலைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தது.

விழாவை நம்பாமல் வாசகரை நம்பிய முயற்சி ‘வல்லினம்’. ம. நவீன் 2007இல் நண்பர்களோடு அச்சிதழாகத் தொடங்கினார். 2009இல் அது இணையத்துக்கு மாறியது. ஆண்டுதோறும் கலை இலக்கிய விழா நடத்தி, அதில் நூல்களை வெளியிட்டார்கள். விமரிசனத்துக்கு இங்கே முதலிடம். முகத்துக்கு நேரே குறை சொல்வதால் பகையும் சேர்ந்தது. ஆனால் விழாவுக்கு வருபவர்கள் படிக்க வருகிறார்கள் என்ற நிலை உண்டானது. நவீனின் ‘பேய்ச்சி’ 2019இல் வந்தது. உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் அதற்குத் தடை விதித்தது. அதுவரை நூலைத் தொட்டிராதவர்களும் அதன் பெயரைக் கற்றுக்கொண்டார்கள்.

‘பேய்ச்சி’ வெளிவந்த அதே 2019இல், பிப்ரவரி முதல் நாளோடு ‘தமிழ் நேசன்’ நின்றுபோனது. கதை வகுப்பு நடத்திய ஏட்டுக்கு அப்போது வயது 94.