ஒரு கொப்பியும் ஒன்பது கொப்பியும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூலை வேறெங்காவது தேடலாம். ஒரேயொரு பிரதியாயிருந்த ஏட்டை எங்க போய்த் தேடுறது?

இப்ப எங்கட சிக்கல் தலைகீழ். ஒரே கலியாணப் படம் போனில, பென்டிரைவில, பழைய வன்தட்டில எண்டு ஒன்பது இடத்தில கிடக்கு. பெயர் மாறினாலும் ஒரே கோப்பைக் கண்டுபிடிக்க 1992இல் வெளியான எம்டி5 போன்ற முறைகள் இருக்கின்றன. அவை கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு 'கைரேகை' எடுக்கும். கைரேகை ஒன்றானால் மேலதிகத்தை அழிக்கலாம்.

ஆனால் வட்ஸ்அப்பில் வந்த படம் கண்ணுக்குத்தான் அதே படம், கைரேகை வேறு. அளவு சுருங்கியிருக்கும், எடுத்த திகதியைச் சுமக்கும் எக்ஸிஃப் தகவலும் போயிருக்கும். ஆகவே, திகதியுள்ள பெரிய கோப்பையே வைத்திருப்போம்.

இடம்பெயர்வில் அல்பம் தொலைந்த வீட்டில், வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பின அந்தச் சின்னப் படம் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அப்ப அதுதான் மூலம், அதில கைவைக்கக்கூடாது.

துப்புரவாக்கி முடிஞ்சதும் மிஞ்சினதை இரண்டு மூன்று வீடுகளில் பிரிச்சு வைப்போம். குப்பையைக் குறைக்கத்தான் வேணும். அதுக்காகத் திரும்பவும் ஒற்றைப் பிரதிக்குப் போகக்கூடாது.