பன்னாவை விட்டு நடந்த புலி

ஒரு காட்டில் அற்றுப்போன விலங்கை வேறொரு காட்டிலிருந்து கொணர்ந்து குடியேற்றுவது நம் நாட்டில் புதிய முயற்சியன்று. 1957-ஆம் ஆண்டிலேயே கிர் வனத்து ஆண் சிங்கம் ஒன்றையும் பெண் சிங்கங்கள் இரண்டையும் காசிக்கு அருகிலுள்ள சந்திரப்பிரபா சரணாலயத்தில் விட்டார்கள். 1965-க்குள் அவை 11 ஆகப் பெருகின. பின்னர் ஒன்றுகூட எஞ்சவில்லை. அவை எங்கே உலவின, எவ்வழியே எல்லை தாண்டின என்று தொடர்ந்து அறியும் சாதனம் அன்று நம்மிடம் இல்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் அச்சாதனம் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்துப் பன்னாவில் புலியே இல்லையென்பது 2009-இல் உறுதியாயிற்று. கள்ள வேட்டையின் விளைவு அது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் பாந்தவகரிலிருந்தும் கன்ஹாவிலிருந்தும் ஒவ்வொரு பெண்புலியும், நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண்புலியும் வந்து சேர்ந்தன. கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி அவற்றை விட்டார்கள்.

ஆண்புலி தங்கவில்லை. சில நாட்களிலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. பெஞ்சு இருப்பதும் தெற்கேதான்! வயல்களையும் ஊர்ப்புறங்களையும் கடந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தது. வனத்துறையினர் யானைகளோடும் வாகனங்களோடும் பின்தொடர்ந்து, டிசம்பர் இறுதியில் மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொணர்ந்தனர்.

இரையும் நீரும் நிழலும் இருந்தால் விலங்கு தங்கிவிடும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். பன்னாவில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் தன் இனத்தின் வாடை இல்லாத காடு புலிக்கு வெற்றிடமே. மரத்திலும் புதரிலும் பீய்ச்சிய சிறுநீரின் மணமே அதற்கு அயலார் இருக்கும் இடத்தைச் சொல்வது. பெண்புலிகள் இரண்டும் அங்கிருந்தும், அவ்வளவு விரிந்த காட்டில் அவற்றை அது இன்னும் சந்திக்கவில்லை போலும். இதையுணர்ந்த அதிகாரிகள் இம்முறை பெண்புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்து வைத்தார்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் புலி நின்றது. 2010 ஏப்ரலில் பாந்தவகர்ப் பெண்புலி 4 குட்டிகளை ஈன்றது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து குனோவுக்கு வந்த 8 சிவிங்கிப்புலிகளிடமும் இவ்வலைச்சலைக் கண்டோம். அவற்றுள் ஓர் ஆண், 2023 ஏப்ரலில் காட்டை விட்டு உத்தரப் பிரதேச எல்லைப் பக்கம் சென்று, பிடித்துவரப்பட்டது.

பன்னாவிலோ, குட்டிகள் வளர்ந்து தமக்கென இடம் தேடத் தொடங்கின. அவற்றுள் சில காப்பகத்தின் எல்லையைக் கடந்து சித்திரகூடக் காடுகள் வரை சென்றன. அவற்றை எவரும் திருப்பி அழைத்து வரவில்லை.